கரண்டோடு ஒரு சமாதானம்

வாயைத் திறந்ததுதான் பல்லி செய்த தப்பு. காய நிவாரண வாரியத்தில் முதல் நாள், "என்ன நடந்துச்சு?" என்று குமாஸ்தா கேட்டபோது, அவன் பேசாமல் வலது கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். மணிக்கட்டோடு முடிந்துபோன அந்தக் கையைப் பார்த்து அவரே எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். அப்படிச் செய்யாமல், ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரியே அவனும் சொல்லித் தொலைத்தான்.

"கரண்ட் அடிச்சிடுச்சு சார்."

குமாஸ்தாவுக்குக் கமா என்று பேர். யார் எதைச் சொன்னாலும் ஒரு கமாகூட விடாமல் எழுதிவிடுவார் என்பதால், வாரியத்துக்கு வந்து போகிற நொண்டி முடமெல்லாம் சேர்ந்து வைத்த பேர் அது. அவர் 'கரண்ட் அடித்தது' என்று எழுதினார். எழுதியதைப் படித்தார். பேனாவை மூடினார்.

"அடிச்சுதா?"

"ஆமா சார்."

"அப்ப இது இங்க வராதே. இது விபத்துப் பிரிவு. விழுந்தது, நசுங்கினது, வெட்டுப்பட்டது, வெந்ததுதான் இங்க. அடிச்சது எல்லாம் பக்கத்துக் கதவு. அடிதடிப் பிரிவு."

"கையெல்லாம் வெந்துதான் சார் போச்சு. வெந்ததுன்னே போட்டுக்குங்களேன்."

"மொதல்ல என்ன சொன்னே?"

"அடிச்சதுன்னு."

"மொதல்ல சொல்றதுதான் வாக்குமூலம். அப்புறம் சொல்றதெல்லாம் யோசிச்சுச் சொல்றது. அது செல்லாது."

பல்லியின் பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எதிலும் சுருக்கம் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. "கரண்ட் அடிச்சதுன்னு சொல்லாம வேற என்னன்னு சார் சொல்வாங்க? தடவிக் குடுத்துச்சுன்னா?" என்றாள்.

கமா அதையும் எழுதிக்கொண்டார்.

இருவரும் வெளியே வந்து, வராண்டாவில் சுற்றி, பக்கத்துக் கதவுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் உள்ளே போனால், அங்கேயும் கமாவே உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அவர் நாற்காலியோடு நகர்ந்து வந்துவிட்டார். பல்லி சிரித்து வைத்தான். கமா சிரிக்கவில்லை. புதிதாகப் பார்ப்பவர்போலத் தலையைத் தூக்கி, "என்ன நடந்துச்சு?" என்றார்.

நடந்தது இதுதான். பல்லி மின்சாரக் கம்பெனியில் லைன்மேன். எந்தக் கம்பத்திலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவான் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் பல்லி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அன்றைக்கு ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். சூப்பர்வைசர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே போனில் பேசிவிட்டு, "லைன் கட் பண்ணியாச்சு, ஏறுடா" என்றார். பல்லி ஏறினான். பெல்ட்டை மாட்டினான். கையை நீட்டினான். அதன்பிறகு அவனுக்கு ஞாபகம் இருப்பது, தன் உடம்பிலிருந்து தானே புகைந்துகொண்டு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியதுதான். கை வழியாக ஏறியது கால் வழியாக இறங்கியது. பாதத்தில் ஓட்டை. வலது கையை டாக்டர்கள் ஒவ்வொரு விரலாகக் காப்பாற்றப் பார்த்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி. ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பியது. கூடவே ஒரு ஆளையும் அனுப்பியது. காயம் வேலையில் ஏற்பட்ட விபத்துதான் என்று வாரியம் சொன்னால் நிவாரணமும் உண்டு, ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் உண்டு. சொல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது, கம்பெனி குவார்ட்டர்ஸையும் காலி பண்ணிவிட வேண்டும் என்று அந்த ஆள் பழத்தை உரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். பழத்தையும் அவனே தின்றான்.

அப்படி 'விபத்து' என்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் வாரியத்தின் படிகளை ஏறினார்கள். கால் இல்லாதவர்கள் வந்து போகிற அந்தக் கட்டடத்தில் வாரியம் இருந்தது மேல்மாடியில். லிஃப்டில் வாரியத் தலைவரின் படங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடிதடிப் பிரிவுக்குத் தலைவர், வாரியத்தின் தலைவரேதான். விபத்துகளை அவர் சீண்டுவதில்லை. விபத்தில் சமாதானம் செய்துவைக்க என்ன இருக்கிறது? அடிதடி என்றால் இரண்டு தரப்பு இருக்கும். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, நாலு நல்ல வார்த்தை பேசி, கை குலுக்க வைத்து, நடுவில் தான் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வராண்டா முழுக்க அந்தப் படங்கள்தான். எல்லாப் படத்திலும் தலைவர் முழுசாக இருந்தார். சமாதானம் ஆனவர்கள் ஓரத்தில் தோளும் காதுமாகத் தெரிந்தார்கள்.

"எதிர்தரப்பு பேர்?" என்று கமா கேட்டார்.

"கரண்ட்."

"அப்பா பேர்?"

பல்லி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். "தெரியாது சார்."

"இருப்பிடம்?"

"எல்லா இடத்துலயும்தான் இருக்கும்."

'நிலையான முகவரி இல்லாதவர்' என்று கமா எழுதினார். "அந்த மாதிரி ஆளுங்கதான் இப்படி அடிச்சிட்டு ஓடறது" என்று ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொன்னார்.

வாரியம் கரண்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. முகவரி இல்லாததால், சம்பவம் நடந்த கம்பத்திலேயே ஒட்டிவிட்டு வந்தார்கள். எதிர்தரப்பு வரவில்லை. மறுபடி ஒட்டினார்கள். ஒட்டப் போன பியூன், கம்பத்தைத் தொடப் பயந்து எதிரே இருந்த மாவு மில்லின் சுவரில் ஒட்டிவிட்டான். மில்காரர் அலறியடித்துக்கொண்டு வந்து, தான் யாரையும் அடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் கம்பெனி வக்கீல் வந்தார். கரண்டின் சார்பில்.

வழவழவென்று பேசுகிற மனிதர். உள்ளே வந்ததும் தலைவரைப் பார்த்துக் குனிந்து, "என் கட்சிக்காரர் நேர்ல வர முடியாததுக்கு வருத்தப்படறார் ஐயா. ராத்திரி பகல் இல்லாம வேலை. லீவுன்னு ஒண்ணு எடுத்ததே கிடையாது" என்றார்.

தலைவர் மெச்சினார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு உழைப்பாளியா!"

வக்கீல் பல்லியிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி உனக்கும் அவருக்கும் ஏதாவது விரோதம் உண்டா?"

"யாருக்கு சார்?"

"கரண்டுக்கு."

"என்ன சார் விரோதம்? இத்தனை வருஷமா அதுகூடத்தான் சார் வேலை."

"ஆக, பழக்கம் உண்டு. நல்லது. அன்னிக்கு அவர் உன் வீட்டுக்கு வந்து அடிச்சாரா, நீ அவர் இருக்கிற இடத்துக்குப் போனியா?"

"நான்தான் சார் கம்பத்துல ஏறினேன்."

"யார் யாரைத் தொட்டது மொதல்ல?"

"நான்தான். ஆனா சார், லைன் கட் பண்ணியாச்சுன்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஐயா, குறிச்சுக்கணும். தேடிப் போனது இவன். கை வெச்சது இவன். என் கட்சிக்காரர் தற்காப்புக்காக ஒரே ஒரு தடவை அடிச்சிருக்கார். அதோட விட்டுட்டார்."

தலைவர் தலையாட்டினார். ஒரே தடவையோடு விடுவதற்குப் பெரிய மனசு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, அதை வாய்விட்டும் சொன்னார்.

பல்லி விடாமல் கெஞ்சியதால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பல்லியின் பெண்டாட்டி போட்ட இஸ்திரிதான்.

"லைனைக் கட் பண்ணச் சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"சொன்னேன் சார்."

"பண்ணினாங்களா?"

"உடனே பண்ணிட்டாங்க சார். வேற லைனை."

"ஆனா கட் பண்ணினாங்க."

"கட் பண்ணினாங்க சார். அதுல சந்தேகமே இல்ல. கட் பண்ணியாச்சுன்னுதான் நானும் சொன்னேன். எந்த லைனுன்னு அவனும் கேக்கலை."

"ஆக நீங்க சொன்னதுல பொய் இல்ல."

"என் சர்வீஸ்ல நான் பொய் சொன்னதே இல்ல சார்."

"கையுறை குடுத்தீங்களா?"

சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது. "கையுறை எல்லாம் ஸ்டோர்ல பத்திரமா இருக்கு சார். ஒரு ஜோடி கிழியலை, ஒரு ஜோடி அழுக்காகலை. அதுக்காகவே வருஷா வருஷம் எங்களுக்குப் பாதுகாப்பு விருது தர்றாங்க. கண்ட பயலுக்கும் எடுத்துக் குடுத்திருந்தா அது கிடைச்சிருக்குமா?"

அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பல்லியால் தட்ட முடியவில்லை.

பிறகு வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு விஷயம் சொன்னார். பல்லி தொங்கிக்கொண்டிருந்ததால் அந்த வட்டாரத்துக்கே அரை நாள் கரண்ட் இல்லை. அவர் கட்சிக்காரர் அரை நாள் முழுக்க வேலை செய்ய முடியாமல் முடங்கிக் கிடந்தார். சொல்லப் போனால் அதற்குப் பல்லிதான் நிவாரணம் தர வேண்டும். கரண்ட் மானம் மரியாதைக்குப் பயந்து இதுவரை அதைக் கேட்காமல் இருக்கிறது.

தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேசாமல் உட்கார மாட்டார் என்பது வாரியத்துக்கே தெரியும்; கமா பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டார்.

"இந்த நாற்காலியில நான் உக்காந்ததுலேருந்து ஒரு வழக்குகூடத் தீர்ப்புக்குப் போனதில்லை. எல்லாம் சமாதானம்! தீர்ப்பு சொன்னா ஒருத்தர் ஜெயிப்பார், ஒருத்தர் தோப்பார். தோத்தவர் என்னைத் திட்டுவார். சமாதானத்துல ரெண்டு பேருமே தோத்துடுவாங்க. யாரும் யாரையும் திட்ட முடியாது. இதைத்தான் நான் நியாயம்னு சொல்வேன். தம்பி, உனக்கு ஒரு கை போச்சு. அவருக்கு அரை நாள் போச்சு. ஆக ரெண்டு பேருக்கும் நஷ்டம். சரிக்குச் சரி. வர்ற வாரம் இதே அறையில ரெண்டு பேரும் கை குலுக்கிடுங்க. அதுக்கப்புறம் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எதையும் கேக்கக் கூடாது. வரலைன்னா, ஒத்துழைக்கலைன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன்."

வந்தாலும் ஒன்றுமில்லை, வராவிட்டாலும் ஒன்றுமில்லை. பல்லிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் ஏறியது. அன்றைக்குக் கையில் ஏறிப் பாதத்து ஓட்டை வழியாக இறங்கியதைவிட அது சூடாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் பேசினாள். "காலி பண்ணச் சொல்லி இன்னிக்கும் ஆள் வந்தான். பாத்திரத்தை எல்லாம் கட்டட்டுமா?"

"கட்டாத."

"பின்ன? கரண்டுக்குக் கை குடுக்கப் போறீங்களா?"

"குடுக்கறேன்னு சொல்லிட்டு வரப்போறேன்" என்றான் பல்லி.

அவள் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் மூளையையும் ஏதாவது எடுத்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவன் சட்டைப் பொத்தானை இடது கையால் போட முடியாமல் திணறிக்கொண்டே, வராண்டாவில் காத்துக் கிடந்தபோது தலைவரின் படங்களுக்கு நடுவில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சமாதான விதிகளைப் பற்றிச் சொன்னான். வேறு வேலையில்லாததால் அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தான். அவளும் படித்திருந்தாள். ஆனால் அவள் அதைக் கோபத்தோடு படித்திருந்தாள், அதனால் ஒரு வரி கண்ணில் படவில்லை. அவன் சொல்லி முடித்ததும் அவளே அவனுக்குப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் இருவரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

மறுநாள் பல்லி தலைவரைப் பார்த்து, சமாதானத்துக்குத் தயார் என்றான். ஒரே ஒரு வேண்டுகோள்தான். "கரண்ட் நேர்ல வரணும் சார். அதுக்குப் பதிலா வக்கீல் கை குடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன். அடிச்சவங்களே வந்து குடுத்தாத்தான் சார் மனசு ஆறும்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான்யா சமாதானம்! இரு தரப்பும் நேரில். எழுதுங்க கமா" என்றார். உலகத்திலேயே முதல் முறையாகக் கரண்டுக்கும் மனிதனுக்கும் சமாதானம் செய்துவைத்தவர் என்று பேப்பரில் வரப்போகிற வரி அப்போதே அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த நாள் வந்தது. கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து வந்து, மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் கட்டி, நுனியில் உறையைச் சீவிவிட்டிருந்தார்கள். எதிர்தரப்பு வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, மேலே ஒரு பல்பு எரிந்தது. அதற்குக் கீழே 'எதிர்தரப்பு' என்று ஒரு அட்டை. சூப்பர்வைசர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். பேப்பர்காரர்கள் முன்வரிசையில் கேமராக்களோடு குந்தியிருந்தார்கள். தலைவர் புதுச் சட்டையில் இருந்தார்.

முதலில் அவர் பேசினார். அதை விட்டுவிடலாம். பேசி முடித்து, "இப்ப இரு தரப்பும் கை குலுக்கலாம்" என்றார்.

பல்லி எழுந்து, மேஜைக்குப் போய், வலது கையை நீட்டினான். சட்டைக் கையின் நுனி தொளதொளவென்று தொங்கியது. இத்தனை விசாரணை நடந்தும் இந்தச் சமாச்சாரம் யாருக்கும் தோன்றவில்லை.

"இடது கையைக் குடுத்தா என்ன?" என்றார் வக்கீல்.

"சீச்சீ, இடது கையா? மரியாதையில்லை" என்றார் தலைவர். "படத்துலயும் நல்லா இருக்காது."

"அதுக்குத்தான் விதி இருக்கே சார்" என்றான் பல்லி பணிவாக. "வராண்டாவுல மாட்டியிருக்கு."

கமா போய், கண்ணாடிச் சட்டத்தையே கழற்றிக்கொண்டு வந்து, ஒரு எழுத்து விடாமல் படித்தார். 'காயத்தினால் கை கொடுக்க இயலாத தரப்பினர் சார்பில், வாரியத் தலைவர் அவர்களே, தமது வலது கையால், கை கொடுப்பார்.'

அது தலைவரே சேர்த்த விதி. யாரோ ஒரு தச்சனின் கையில் மாவுக்கட்டு இருந்தபோது, படத்தில் மாவுக்கட்டு நடுவில் வந்து தன் முகத்தை மறைத்துவிட்டது என்பதற்காகச் சேர்த்தது. கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

தலைவர் ஒயரைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். "வக்கீல் சார், உங்க கட்சிக்காரர் ஆள் எப்படி?" என்றார்.

"ரொம்ப சாது ஐயா" என்ற வக்கீல் இரண்டடி பின்னால் போனார்.

"தொட்டாத்தான் சார் அடிக்கும். அதுவும் தற்காப்புக்குத்தான்" என்றான் பல்லி.

தலைவர் சூப்பர்வைசருக்கு ஜாடை காட்டினார். சூப்பர்வைசர் சுவிட்சைத் தட்டினார். பல்பு அணைந்தது. "கட் பண்ணியாச்சு சார்."

"எதை?"

தலைவர் வாயில் அந்த ஒரு கேள்வி எவ்வளவு வேகமாக வந்தது என்பதைப் பல்லி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதைத்தான் சார்."

"நிச்சயமா?"

"அநேகமா சார்."

தலைவர் மறுபடி கேட்டார். திரும்பவும் கேட்டார். போனில் மெயின் ஆபீசைக் கேட்கச் சொன்னார். வியர்வையில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேப்பர்காரர்களில் ஒருவன், "சார், வெளிச்சம் போயிடும், சீக்கிரம்" என்றான். படம் என்றதும் தலைவரின் முகம் தானாகவே சிரித்தது. சிரித்த முகத்தோடு, கையை மெல்ல மெல்லக் கொண்டுபோனார்.

பல்லிக்கு அந்த நிமிஷம் ஒரு ஆசை வந்தது. அதை ஒளிப்பானேன்? அந்த ஒயரில் கரண்ட் இருந்துவிட வேண்டும் என்றுதான் அவன் ஆசைப்பட்டான். முழு மனசோடு ஆசைப்பட்டான்.

கரண்ட் இல்லை. சூப்பர்வைசர் தன் வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான சுவிட்சைத்தான் அணைத்திருந்தார். தலைவரின் விரல் ஒயரில் பட்டது, ஒரு கேமராவின் ஃபிளாஷ் 'டப்'பென்று வெடித்து எரிந்தது. அவ்வளவுதான்.

"ஐயோ! கரண்ட் அடிச்சிடுச்சு! கரண்ட் அடிச்சிடுச்சு!"

தலைவர் பின்னால் பறந்து, வக்கீல் மேல் விழுந்து, இரண்டு நாற்காலிகளோடு தரைக்குப் போனார். புதுச் சட்டைக்குக் கீழே வேட்டியும் நனைந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் பல்லிக்குத் துரோகம் செய்ததாகும். கூடமே எழுந்து ஓடியது. கமா மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 'கரண்ட் அடித்தது' என்று இரண்டு தடவை எழுதி, எதிர்தரப்பு பேர் என்ற இடத்தில் கரண்ட் என்று தானாகவே நிரப்பிக்கொண்டார். பிறகு ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் நின்று, "சார், அப்பா பேர் தெரியுமா?" என்றார்.

தலைவர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் படுத்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் சும்மா பயந்து விழுந்தார் என்று ஊர் சிரிக்கலாமா? கரண்ட் அடித்ததுதான் என்று நிரூபித்தே ஆக வேண்டும். அடித்தது என்று ஊர் நம்ப, நிவாரணமும் வாங்கியே ஆக வேண்டும். அடிதடிப் பிரிவுக்குப் போனால் சமாதானம்தான் கிடைக்கும், மறுபடி அந்த ஒயருக்குக் கை கொடுக்க வேண்டிவரும் என்று கமா வந்து நினைவூட்டினார். தலைவர் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து, 'இனிமேல் கரண்ட் அடித்தால் அது அடிதடி அல்ல, விபத்தே. உடனே முழு நிவாரணம் வழங்கப்படும்' என்று புது விதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலது கையால்தான். கை நன்றாக வேலை செய்தது.

பாக்கி இருந்தது சாட்சி. வாரியத்து ஆட்கள் தலைவருக்குச் சாட்சி சொன்னால் செல்லாது. பேப்பர்காரர்கள் கேமரா வழியாகத்தான் பார்த்தார்களாம், எதுவும் தெரியவில்லையாம். சூப்பர்வைசர் கரண்ட் இருந்தது என்று சொன்னால் அவர் வேலை போய்விடும். வக்கீலோ எதிர்தரப்பின் ஆள். பக்கத்திலேயே நின்றவன் பல்லி ஒருத்தன்தான்.

வக்கீல் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். கம்பெனிக்குத் தலைவரின் தயவு வேண்டும். கட்சிக்காரர் கரண்டை அவர் ஒரே நாளில் கைவிட்டிருந்தார். பல்லி வேண்டாம் என்றும் கேட்காமல் பெண்டாட்டி வாசலில் கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, "தம்பி, அன்னிக்கு ஐயாவைக் கரண்ட் அடிச்சதை நீ பாத்தியே..." என்று குழைந்தார்.

"பாத்ததைச் சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி என் ஃபைல்ல விபத்துன்னு எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க. புது விதி எல்லாருக்கும்தானே?"

"நாளைக்கே!"

"நிவாரணமும் கைக்கு வந்துடணும்" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "இருக்கிற கைக்கு."

எல்லாம் வந்தது. இத்தனை நாள் நகராத ஃபைல், தலைவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டதும் கால் முளைத்து நடந்தது. விபத்து என்று எழுதினார்கள், முத்திரை குத்தினார்கள், கம்பெனியும் மறுபேச்சில்லாமல் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. பாத்திர மூட்டை அவிழ்ந்தது.

தலைவரின் வழக்கை விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேள்வி கேட்டார். தலைவர் கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒயரைத் தொட்டது விரல். கழுத்துக்கு ஏன் பட்டி என்று யாரும் கேட்கவில்லை.

"நீதான் சாட்சியா? கரண்ட் அவரை அடிச்சதைப் பாத்தியா?"

"இல்லீங்கம்மா" என்றான் பல்லி.

வக்கீலின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஒயர்ல கரண்டே இல்லீங்க. பல்பு அணைஞ்சிருந்துச்சு. ஃபோட்டோ லைட்டு வெடிச்ச சத்தத்துக்கு ஐயா பயந்துட்டாரு. கரண்ட் அடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்கம்மா. அடிச்சவன் அப்படிக் கத்த மாட்டான். கத்த வாய் வராது."

"பாத்ததைச் சொல்றேன்னு சொன்னியேப்பா!" என்று வக்கீல் கத்திவிட்டார்.

"அதைத்தான் சார் சொல்றேன்."

கமா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதிகாரி அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பொய்க் காயம் காட்டி நிவாரணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் வேலை போகும், வாங்கப்போகிற பென்ஷனும் போகும் என்று இருந்தது. தொழிலாளிகளை மிரட்டுவதற்காகத் தலைவர் எழுதிய விதிகளில், அச்சுப் பிசகாமல் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி அமைந்துவிட்டது அது ஒன்றுதான். அந்த அம்மா அதைச் சத்தமாக வாசித்து, அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். தலைவரின் கழுத்துப் பட்டி மெல்ல அவிழ்ந்து மடியில் விழுந்தது.

அவர் முகம் போன போக்கைப் பல்லி நிதானமாகப் பார்த்தான். மனசு குளிர்ந்தது. குளிரத்தான் செய்தது, அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவளுக்கு இன்னும் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதிகாரி அம்மா ஃபைலை மூடிப் பையில் வைத்தார். கிளம்புகிற அவசரத்தில், வாரிய வழக்கப்படி கடைசியாகச் செய்ய வேண்டிய ஒன்று நினைவுக்கு வந்தது. "சரி, சரி. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் கை குலுக்கிட்டுக் கிளம்புங்க" என்றார் நிமிர்ந்து பார்க்காமலே.

தலைவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, பழக்கம் மட்டும்தான் இருந்தது. எழுந்து, பல்லியின் முன்னால் வந்து, அரைகுறையாகச் சிரித்து, வலது கையை நீட்டினார்.

பல்லி அந்தக் கையைப் பார்த்தான். ஐந்து விரலும் இருந்தன. நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. அவன் அசையாமல் நின்றான். தலைவரின் கை நீண்டபடியே இருந்தது. எடுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீட்டியே இருங்க சார்" என்றான் பல்லி. "என்னுது முளைச்சதும் குடுக்கறேன்."